கிளிநொச்சி ஸ்ரேசன் யாருக்காக?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் 1902இலேயே கோச்சி ஓடத் தொடங்கிவிட்டது. 1905 ஓகஸ்ட்டில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர் வண்டி வந்தபோது, இடையில் கிடந்த வன்னிக் காடு தாண்டப்பட்டது. தாண்டுவதுதான் அந்தப் பாதையின் நோக்கம் என்பது என் வாதம். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னிக் கையேட்டில் தெரிவது காடும் காய்ச்சலும் தூர்ந்த குளங்களும்தான். ஏறி இறங்கச் சனம் குறைவு. ஆனாலும் நிலையங்கள் இல்லாமல் முடியாது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகள் விலகிப்போக இடம் வேண்டும். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். ஒருவருமே ரிக்கெற் எடுக்காவிட்டாலும் புளியங்குளத்திலோ மாங்குளத்திலோ ஏதோ ஒரு தரிப்பு இருந்தே ஆகவேண்டும்.

ரயில் வந்ததால்தானே கிளிநொச்சி ஊரானது என்று கேட்கலாம். ஆண்டுக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. பாதை திறந்து முப்பது வருடம் கழித்து, 1930களின் நடுவில்தான் இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்றம் தொடங்கியது. சனத்தை இழுத்தது தண்ணீரும் வயற்காணியும். அதன் பிறகு ஸ்ரேசனுக்கு வேலை வந்தது உண்மை. 1984இல் தனி மாவட்டமாகும்வரை கிளிநொச்சியாருக்குக் கச்சேரி யாழ்ப்பாணத்தில்தான். ஒரு கையெழுத்துக்கும் ஆனையிறவு தாண்டிப் போகவேண்டும். 1956இல் வந்த யாழ்தேவியோ கொழும்புப் பயணத்துக்கென்றே பிறந்த கடுகதி.

1990 யூனில் யுத்தத்தால் வவுனியாவுக்கு வடக்கே சேவை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்கு மேற்கூரையாகின. பாதை இருந்த இடத்தைப் பற்றை மூடியது. இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் திரும்ப அமைத்த பாதையில் 2013 செப்ரெம்பர் 14இல் வண்டி கிளிநொச்சிக்கு வந்தது, மாகாணசபைத் தேர்தலுக்குச் சரியாக ஒரு கிழமை முன்னர். அடுத்த மார்ச்சில் பளை திறக்கும்வரை கிளிநொச்சியே கடைசித் தரிப்பு. யாழ்ப்பாணத்தார் பெட்டியும் பையுமாக இறங்கி பஸ் பிடித்த அந்த ஆறு மாதம், நூறு வருடத்தில் இந்த நிலையத்துக்குக் கிடைத்த தனிக் கௌரவம். 2014 ஒக்ரோபரில் வண்டி யாழ்ப்பாணத்தை எட்ட, அதுவும் முடிந்தது.

இனியாவது இந்த ஸ்ரேசன் இங்குள்ளவர்களுக்காக இயங்கவேண்டும், காலையில் அலுவலக ரயில் வேண்டும் என்றால், றாகமை, மொறட்டுவை போல அதை ஓட்ட வன்னியில் ஆளெங்கே என்பது வலுவான மறுப்பு. 2012 குடிசன மதிப்பீட்டில் மாவட்டம் முழுவதுக்கும் ஏறக்குறைய 113,000 பேர்தான். ஆனால் ஆட்தொகையைப் பார்ப்பவர்கள் காலையில் ஏ9 வீதியையும் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் வீடு வைத்துக்கொண்டு கிளிநொச்சியில் படிப்பிக்கிற ஆசிரியர்களும் கந்தோர் உத்தியோகத்தர்களும் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறார்கள். யாழ்ப்பாணம் அறுபத்தைந்து கிலோமீற்றர் வரும்; அதைவிடத் தூரமான பொல்காவலையிலிருந்து நாளாந்தம் கொழும்புக் கோட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே நேர அட்டவணை கந்தோர் மணியைப் பார்த்துப் போடப்பட்டது. இங்கே அது பெரும்பாலும் கொழும்பிலிருந்து கணக்கிட்டு வருகிறது.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்களுக்குப் பக்கத்தில் பிறகு ஒரு சிறு நிலையம் வந்தது. எஞ்சினின் தண்ணீருக்காக அல்ல, மாணவருக்காக வந்த தரிப்பு அது. வன்னியில் இது புதுச் சங்கதி. முல்லைத்தீவுக்குத் தண்டவாளமே இல்லை. அங்கே போகிறவர் மாங்குளத்தில் இறங்கி, ஒட்டுசுட்டான் வழியாக இன்னும் ஐம்பது கிலோமீற்றரளவு வீதியால் போகவேண்டும். அவருக்கு வண்டியின் வேகத்தைவிட, அது வந்து சேரும் நேரத்துக்கு வெளியே ஒரு பஸ் நிற்குமா என்பதே பெரிய கேள்வி.