ஏறாக் குதிரையும் மெத்தைச் சேணமும்

தகடூரை ஆண்ட அதியர் மரபினனான எழினி, ஒருவரும் ஏறிச் செலுத்தாத குதிரைக்கு உரியவன் என்று பெருஞ்சித்திரனார் பாடுகிறார். வள்ளல் எழுவரை நிரல்படச் சுட்டும் புறநானூற்று 158ஆம் பாட்டில் வரும் தொடர் அது. ஊரப்படாத குதிரை எது? குதிரைமலை என்று விடை தருவர் உரைகாரர். அம்மலை எங்குளது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு; அவ்வாராய்ச்சி இவண் வேண்டுவதன்று. ஆயினும் புலவர் விடுத்த இந்தப் புதிர் வேறொரு வினாவை எழுப்புகிறது. ஏறிச் செலுத்தப்பட்ட குதிரைகளின் முதுகில் என்ன இருந்தது?

இலக்கிய மலர்களில் அதியமானின் கொடையைப் பற்றியும், ஒளவைக்கு அவன் ஈந்த நெல்லிக்கனியைப் பற்றியும், தகடூர்ப் போரைப் பற்றியும் நிரம்ப எழுதியாயிற்று. வீரனுக்கும் விலங்குக்கும் இடையே கிடந்த நான்கு விரற்கனத் துணியைப் பற்றி எழுதுவார் அரியர். அத்துணியின் கதையோ பொன்னும் பொருளும் உயிரும் பெருமளவில் செலவான கதை.

சொற்களிலிருந்து தொடங்கலாம். பல்லணம், கலனை, சேணம், ஜீனி என நம்மிடம் பல சொற்கள் உள. பல்லணம் வடபுலத்திலிருந்தும், ஜீனி பாரசீகத்திலிருந்தும் வந்தவை. குதிரை வந்த வழியெல்லாம் அதன் கலங்களின் பெயரும் கூடவே வந்தன போலும். கால் வைத்து ஏறும் வளையத்துக்கு அங்கவடி என்று பெயர். சங்கப் பாட்டுகளில் இச்சொல் காணப்படவில்லை. மருதக்கலியில் ஊடிய தலைவி ஒருத்தி, தலைவன் கூடிவந்த பரத்தையைக் குதிரையாகவே உருவகித்து, அவளுடைய அணிகலன்களைக் குதிரையின் பூட்டணிகளாக ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறாள். வல்லிகை, புல்லிகை, மத்திகை என்று பட்டியல் நீள்கிறது. எள்ளி நகையாடுவதற்காகத்தான் சொல்கிறாள். எனினும் இலாயத்தில் நின்று பார்த்தவளின் நுட்பம் அதில் உண்டு. கழுத்துக்கும் காதுக்கும் அணி கூறியவள் ஏறுபவன் கால் வைக்கும் வளையம் கூறவில்லை.

தகடூரோடு தொடர்புபடுத்தப்படும் பொன்முடியாரின் பாட்டு ஒன்று இன்னும் கருதத்தக்கது. குதிரைமறம் என்னும் துறையில் அமைந்த அப்பாட்டில் (புறம் 299) இரண்டு வகைக் குதிரைகள் எதிரெதிர் நிற்கின்றன. பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர்த் தலைவனின் குதிரை உழுந்துச் சக்கையைத் தின்று தளர்நடை பயில்வது. வேந்தனின் குதிரைகளோ நெய்ச்சோறு உண்பவை. போர்க்களத்தில் கடலைப் பிளக்கும் தோணிபோலப் படையைப் பிளந்தது சக்கை தின்ற குதிரைதான். நெய்ச்சோற்றுக் குதிரைகள் ஒதுங்கி நின்றன. புலவர் வீரத்தைப் பாடுகிறார் என்று கடந்துவிடுவது எளிது. வேளாண் குடிகளின் நடுவே, வீட்டு விலங்காய் வளர்ந்த குதிரைக்கும், கொட்டிலில் கொழுக்க வைத்த குதிரைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் கண்டிருக்கிறார் என்றே யான் கொள்கிறேன். அச்சிற்றூரின் வேலியே பருத்தி. குதிரையின் முதுகில் இடும் மெத்தைக்குப் பொருள் தேடி அத்தலைவன் தொலைவு போயிருக்க வேண்டுவதில்லை. இது ஊகமே, பாட்டு அதைச் சொல்லவில்லை.

சிற்பச் சான்றுகளும் மெத்தையையே காட்டுகின்றன. சாஞ்சியில் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய சிற்பங்களில் குதிரை வீரர்கள் துணி விரிப்பின்மேல் அமர்ந்திருக்கின்றனர். கால் கட்டைவிரல் மட்டும் நுழையும் கயிற்று வளையம் சிலவற்றில் உண்டு. பாதம் முழுதும் தாங்கும் அங்கவடி கி.பி. 4ஆம் நூற்றாண்டில் சீனத்தில் வழக்குக்கு வந்து, பின்னரே மேற்கே பரவியது. தருமபுரி, செங்கம் பகுதிகளின் பழைய நடுகற்களில் பெரும்பாலானவை வில்லும் வாளும் ஏந்தி நிலத்தில் நிற்கும் வீரனையே காட்டுகின்றன. ஆநிரைப் பூசலில் மாண்டவர்கள் அவர்கள். குதிரை அவர்களுக்கு எட்டாப் பொருள். மகேந்திரவர்ம பல்லவன் காலத்து எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு நின்ற நாய்க்குக் கோவிவன் என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். காரி, ஓரி ஆகியோரின் குதிரைகள் தம் தலைவர் பெயரையே தாங்கிச் சிறுபாணாற்றுப்படையில் வாழ்கின்றன. நாய்க்குக் கல்லும் குதிரைக்குப் பாட்டும் வாய்த்திருக்கின்றன.

இனி நம் செய்திக்கு நடுவான இடத்துக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைகளில் அரபு, பாரசீகக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. வஸ்ஸாப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் இவ்வணிகத்தைக் குறிக்கிறார். ஆண்டுக்கு 1,400 குதிரைகள் தருவதாக ஒப்பந்தம். ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். வழியில் இறந்த குதிரைக்கும் விலை உண்டு! அடுத்து அவர் எழுதுவது நமக்கு உறுத்தலாக இருக்கும். இந்நாட்டார் குதிரையை நாற்பது நாள் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைக்கின்றனர். பிறகு பயிற்சியின்றி, அங்கவடியும் பிற சவாரிக் கலங்களுமின்றிப் பேய்போல ஏறி ஓட்டுகின்றனர். சிறிது காலத்தில் விரைந்த குதிரைகளெல்லாம் தளர்ந்து பயனற்றுப் போகின்றன என்பது அவர் கூற்றின் சாரம். அதே காலத்தில் நேரில் வந்த மார்க்கோ போலோவும், மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேல் வாங்குகிறான், ஆண்டிறுதியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார்.

வஸ்ஸாப் இந்நாட்டுக்கு வந்தவரல்லர். கேட்டதை எழுதினார். அவரை முற்றும் தள்ளிவிடவும் இயலாது, முற்றும் ஏற்கவும் இயலாது. சேணமில்லாமையே குதிரைகளைக் கெடுத்தது என்பது அவர் தரும் காரணம். அங்ஙனமாயின் கிரேக்கர் குதிரைகளும் கெட்டிருக்க வேண்டும். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் செனபோன், அங்கவடி அறியாத காலத்தில், குதிரையேற்றம் பற்றித் தனிநூலே எழுதியவர். முதுகெலும்பு மேலெழுந்து தெரியும் குதிரையினும், இருபுறத் தசையும் எழும்பி நடுவே எலும்பு தாழ்ந்து கிடக்கும் ‘இரட்டை முதுகு’க் குதிரையே அமர்வதற்கு மென்மையானது என்கிறார். பாரசீகர் தம் படுக்கையில் விரிப்பதைக் காட்டிலும் மிகுதியான விரிப்புகளைக் குதிரைமேல் இடுகின்றனர். இருக்கை மெத்தென்றிருக்க வேண்டுமென்பதே அவர்தம் கவலை என்று மற்றொரு நூலில் ஏளனம் செய்கிறார். ஆக, மெத்தை பற்றிய சண்டை ஈராயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமையுடையது.

அல்தாய் மலையின் பசிரிக் என்னுமிடத்தில் உறைபனியில் கெடாமல் கிடந்த கல்லறைகளை ருதேன்கோ 1929இலும் 1947 முதல் 1949 வரையிலும் அகழ்ந்தார். குதிரைகளோடு அவற்றின் மெத்தைச் சேணங்களும் கிடைத்தன. முதுகெலும்பின் இருமருங்கும் ஒவ்வொன்றாக அமையும் இரண்டு திண்டுகளை இணைத்தவை அவை. நடுவே எலும்புக்கு இடைவெளி. செனபோன் குதிரையின் உடலில் தேடியதைப் பசிரிக் மக்கள் தைத்தே உண்டாக்கிவிட்டனர் எனலாம்.

இதன் உட்பொருள் எளிது. மனிதன் அமரும்போது அவன் உடற்பாரம் இடுப்பின் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. மரச்சட்டம் வைத்த சேணம் அப்பாரத்தைக் குதிரையின் விலாப்பரப்பெங்கும் பகிர்ந்துவிடும். வெறும் மெத்தை அதைச் செய்யாது. ஆகவே சிறிது நேரச் சவாரிக்கு மெத்தை போதும். நெடுவழிக்கும் கனத்த வீரனுக்கும் போதாது. மெத்தையே குற்றமன்று, அதனை எவ்வளவு நேரம், யார், எப்படிப் பயன்படுத்தினர் என்பதே கேள்வி. வெப்பநாட்டுக்குப் பழகாத குதிரையைச் சோறூட்டிக் கொழுக்க வைத்து, நாற்பது நாள் நடையின்றிக் கட்டிப்போட்டு, திடீரென ஓட்டினால் எந்தச் சேணம் காக்கும்? மார்க்கோ போலோ மற்றொன்றும் சொல்கிறார். குதிரை வைத்தியர் இந்நாட்டுக்கு வருவதை வணிகர்கள் விடுவதில்லை. குதிரைகள் சாவது அவர்களுக்கு ஆதாயம். இந்த ஒரு செய்தி, அங்கவடியைப் பற்றிய பழி முழுவதையும்விட எனக்கு நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. அறிவில்லாதவர் என்று நம்மை எழுதியவர்கள், அறிவு வந்துவிடாதபடி காவல் நின்றவர்களின் நாட்டார்.

மன்னனின் கருவூலம் வாங்கிய குதிரை செத்தால் வீரனுக்கு நட்டமில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். இதற்கு மறுதலையான முறை பிற்காலத்தில் நம் பாராமகாலைக் கடந்து சென்றது. ஐதரலி, திப்பு ஆகியோரின் மைசூர்ப் படையிலும் மராட்டியப் படையிலும் சில்லேதார்கள் இருந்தனர். குதிரையும் கலங்களும் சில்லேதாரின் சொந்தச் சொத்து. குதிரை முதுகில் புண் பட்டால் அவன் வீட்டு அடுப்பு அணையும். மராட்டியர் இட்டது கோகீர் என்னும் திணிப்பு மெத்தை. பயனற்ற சரக்கை இட்டு நிரப்புவதற்கு ‘கோகீர்பர்தி’ என்று அம்மொழியில் ஒரு வழக்கே உண்டு. கந்தலையும் கழிவையும் திணித்ததால் வந்த பெயர். ஆனால் அக்கந்தல் மெத்தைமேல் அமர்ந்துதான் அவர்கள் தக்காணத்திலிருந்து தமிழகம்வரை வந்து போயினர். பார்வைக்கு மட்டமானது முதுகுக்கு இதமாக இருந்திருக்கிறது.

1792இல் பாராமகால் கும்பினியார் கைக்குப் போயிற்று. 1824இல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குக் குதிரை வளர்த்தளிக்கும் பண்ணையை அவர்கள் நிறுவினர். அன்றைய சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் பிரிந்த தருமபுரி மாவட்டத்தில் இருந்து, 2004 முதல் கிருட்டிணகிரி மாவட்டத்தில் அடங்கும் அப்பண்ணை, இன்று மாவட்டக் கால்நடைப் பண்ணையாக நிலவுகிறது. மரச்சட்டமும் தோலும் இரும்பு அங்கவடியும் கொண்ட ஐரோப்பியச் சேணமே சேணம் என்ற எண்ணம் அக்காலத்தில்தான் நம்மிடம் வேரூன்றியது. மெத்தை ஏழையின் பொருளாயிற்று.

அது இன்று வேறு வழியில் திரும்பி வந்திருக்கிறது. சட்டமில்லாத மெத்தையில் அமர்ந்து பழகினால் சமநிலை கைகூடும் என்று மேனாட்டுப் பயிற்சியாளர்களே அதனை விரும்பி வாங்குகின்றனர். ஆடித் திங்களில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை காணச் செல்பவர் கவனிக்க வேண்டியவை சில. நிறமும் குஞ்சமும் மெத்தையைச் சிறப்பிக்கா. முதுகெலும்பின்மேல் படாமல் இருபுறமும் திணிப்பு உயர்ந்து, நடுவே கை நுழையும் ஓடை இருத்தல் வேண்டும். அடிப்பக்கம் ஆட்டுமயிரோ பருத்தியோ ஆயின் வியர்வையை ஏற்கும். வழவழத்த செயற்கைத் துணி நழுவும். மென்பஞ்சு பாரம் ஏறியதும் அமுங்கித் தட்டையாகிவிடும் என்பதால், கையால் அழுத்திப் பார்த்து மெத்தென்றிருக்கிறது என்று மகிழ்வதில் பொருளில்லை. குறும்பர் நெய்யும் கம்பளியை நான்காக மடித்தால் அதனினும் நன்று. வயிற்றுவார் முன்னங்காலின் மடிப்பை உரசாமல் சற்றுப் பின்தள்ளி அமைய வேண்டும். மெத்தையில் அங்கவடியைத் தொங்கவிடலாகாது. காலூன்றும்போதெல்லாம் பாரம் முழுதும் ஒற்றை வாரின் கோட்டில் இறங்கி முதுகை அறுக்கும்.

சவாரி முடிந்து மெத்தையை எடுத்தவுடன் குதிரையின் முதுகைப் பார்த்தல் வேண்டும். எங்கும் சீராக வியர்த்திருந்தால் மெத்தை பொருந்தியது. வியர்வைக்கு நடுவே உலர்ந்த திட்டுகள் தெரிந்தால் அவ்விடங்களில் அழுத்தம் மிகுந்தது. அவ்வழுத்தம் நாட்பட நீடித்தால் அங்கே மயிர் வெளுத்து முளைக்கும். குதிரை செந்நிறமோ கருநிறமோ ஆயின், கழுத்தும் முதுகும் கூடும் மேட்டில் அவ்வெண்புள்ளிகள் ஆயுள் முழுதும் மறையா. அந்தியூரில் விலை பேசுமுன் மெத்தையை விலக்கி அவ்விடத்து மயிரைக் கையால் வகிர்ந்து பார்ப்பவருக்கு, முன்னை உடையவன் எப்படி ஏறினான் என்பது தெரிந்துவிடும்.