செம்பியா: காலியாக விட்டுவைத்த நாடு

சொந்தமாக ஒரு ராஜ்யத்தைக் கற்பனை பண்ணி வெச்சிருக்கோம். ஏற்கெனவே பிரபலமான ஒரு கற்பனை உலகத்துக்குள் அதை எங்கே நுழைப்பது? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களுக்கு இது பழைய தலைவலி.

எட் கிரீன்வுட் சிறுவயதில் தொடங்கிய 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகத்தை டிஎஸ்ஆர் நிறுவனம் 1987-ல் வெளியிட்டது. அதில் செம்பியா என்ற வணிக நாட்டை வேண்டுமென்றே விவரிக்காமல் விட்டார்கள். (செம்பியன் ஞாபகம் வரும், சோழருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஆட்டத்தை நடத்துகிறவர் தன் ராஜ்யத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

அதே வருஷம் நிறுவனமும் இதே வேலையைச் செய்தது. டக்ளஸ் நைல்ஸ் வேறொரு உலகத்துக்காக உருவாக்கிய கெல்டிக் சாயல் நாடு, மூன்ஷே தீவுகளாக உள்ளே வந்தது. சுற்றிலும் கடல். "இவங்களைப் பத்தி பக்கத்து நாட்டுக்காரன் ஏன் பேசவே இல்லை?"ன்னு யாரும் கேட்க மாட்டாங்க.

செம்பியா அப்படியே காலியாக இருக்கவில்லை. 2000-லிருந்து அங்கும் அதிகாரபூர்வ நாவல்கள் வந்தன. அப்போ நம்ம ராஜா கதி?

என் கட்சி இதுதான்: ஆட்டம் தொடங்கின அன்னைக்கு இருந்த வரைபடமே நம்ம வரைபடம். பிறகு வரும் புத்தகத்தில் பிடித்ததை எடுத்துக்கலாம். மீதிக்கு நம்ம ராஜா பதில் சொல்லத் தேவையில்லை.