நாகமரை – ஒட்டனூர் நீர்த்தேக்கக் கரை
தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், ஒகேனக்கல்லுக்குக் கீழே மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய பகுதி. 1934இல் அணை கட்டி முடிக்கப்பட்டபின் ஆற்றங்கரை ஏரிக்கரையாயிற்று. ஆனாலும் இங்கே பிழைப்பைத் தீர்மானிப்பது மழைதான். தேங்கும் நீர் காவிரி டெல்டாவுக்குப் போகிறது. மேட்டு நிலங்களில் ராகி, சோளம், நிலக்கடலை எல்லாம் மானாவாரி. மீன்பிடிப்பும், எதிர்க்கரைக் கோட்டையூருக்குச் செல்லும் படகுப் போக்குவரத்தும் நீர் தந்த தொழில்கள்தானே எனலாம். உண்மைதான், ஆனால் அவையும் 120 அடி அணையின் நீர்மட்டத்தோடு ஏறி இறங்குபவை. நீர் வடிந்தால் வெடித்த வண்டலில் விதைக்கிறார்கள். அறுப்புக்கு முன் வெள்ளம் வந்தால் பயிர் கதிரோடு மூழ்கிவிடும். மாவட்டத்தின் நிலத்தடி நீரிலோ ஃபுளோரைடு மிகுதி. அதன் பழுப்புக் கறை பற்களில் தெரியும். இவ்வளவு நீரை ஒட்டியிருந்தும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்களை வறட்சி துரத்துகிறது என்பது பாதி விளக்கமே. கண்முன் கிடக்கும் நீர் வயலுக்கு எட்டாததும் ஒரு காரணம்.