ஆற்றின் பருவமும் கல்விப் பருவமும்: சடையங்குப்பத்தை முன்வைத்துத் தகவல் அமைப்பியல் முதுநிலைத் திட்டப்பணி குறித்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

புழல் ஏரியின் உபரிநீர் திறக்கப்படும்போது வெளியாகும் வெள்ள எச்சரிக்கையில் நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி எனக் கால்வாய்க் கரை ஊர்கள் வரிசையாக வரும். அந்த வரிசையின் கடைசியில் சடையங்குப்பம் இருக்கும். பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து கொசஸ்தலை ஆற்றில் நீர் திறந்தால் வெளியாகும் வேறொரு பட்டியலில் மணலி புதுநகர், எண்ணூர் ஆகியவற்றுடன் அதே பெயர் மீண்டும் வரும். 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட இந்த முன்னாள் ஊராட்சி, இரண்டு நீர்வழிகளின் கடைக்கோடியில் நிற்கிறது.

விநாடிக்கு எத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்பதை எச்சரிக்கை துல்லியமாகச் சொல்கிறது. புழலின் முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. பூண்டிக்கு 35 அடி, 3,231 மில்லியன் கன அடி. இந்த எண்கள் பொறியாளருக்குப் போதும். ஆற்றோரத்தில் குடியிருக்கும் பெண்ணுக்கு வேண்டியது வேறு: தண்ணீர் என் தெருவுக்கு வருமா, எப்போது வரும், பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது? தரவு இருக்கிறது, அது முடிவெடுக்க உதவும் தகவலாக மாறவில்லை. இந்த இடைவெளி தகவல் அமைப்பியலின் மையச் சிக்கல். முதுநிலை மாணவர் ஒருவர் தன் இறுதித் திட்டப்பணியில் எடுத்துச் செய்யத்தக்க அளவிலான சிக்கலும்கூட.

திட்டப்பணியைக் கல்விப் பருவத்தின் தொடக்கத்தில் அல்லாமல் சிக்கல் நிகழும் பருவத்தில் தொடங்க வேண்டும் என்பதும், வாய்மொழித் தேர்வோடு அல்லாமல் ஒப்படைப்போடுதான் அது நிறைவடைகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதங்கள்.

2. இன்றைய நடைமுறை

தமிழ்நாட்டில் எம்.சி.ஏ. படிப்பு 2020–21 முதல் ஈராண்டாகச் சுருங்கிய பிறகு, திட்டப்பணி பெரும்பாலும் நான்காம் பருவத்துக்குள் அடங்குகிறது. எம்.இ. படிப்பில் மூன்றாம் பருவத்தில் முதற்கட்டமும் நான்காம் பருவத்தில் இரண்டாம் கட்டமும் நடக்கின்றன. தலைப்பு, ரிவ்யூக்கள், அறிக்கை, வைவா என்று பணி நகர்கிறது. அவசரத்தில் தலைப்பு முந்திக்கொள்கிறது; சிக்கல் பின்னால் தேடப்படுகிறது. இந்த வழக்கமே ஆயத்தத் திட்டப்பணிகளை விற்கும் புராஜெக்ட் சென்டர்களுக்குச் சந்தையை உருவாக்கியது. மாணவரின் சோம்பலை மட்டும் குறைசொல்வது சரியன்று. எந்த ஊருக்கும் சொந்தமில்லாத தலைப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியும். குறிப்பிட்ட ஊரின் குறிப்பிட்ட மக்களிடம் கேட்டுப் பெற்ற தேவையை வாங்க முடியாது. ஆகவே களத்தில் வேரூன்றிய சிக்கலே திட்டப்பணியின் நேர்மைக்கு முதற்காவல்.

கோட்பாட்டிலும் இதற்கு இடமுண்டு. ஹெவ்னர், மார்ச், பார்க், ராம் ஆகியோர் 2004இல் எம்.ஐ.எஸ். குவார்ட்டர்லி இதழில் எழுதிய கட்டுரை, பயனுள்ள ஒன்றை உருவாக்கி மதிப்பிடுவதையே ஆய்வாக ஏற்றது. பெஃபர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் அதற்கு ஆறு படிகள் வகுத்தனர்: சிக்கலை இனங்காணல், குறிக்கோளை வரையறுத்தல், வடிவமைத்து உருவாக்கல், செயல்படுத்திக் காட்டல், மதிப்பிடல், அறிவித்தல். முதற்படியை நம் துறைகள் ஒரு பத்தி முன்னுரையாகக் குறுக்கிவிட்டன. அந்த ஆறு படிகளிலும் ஒப்படைப்பு என்ற படி இல்லை.

3. இரு பருவங்களின் முரண்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2015 டிசம்பர் பெருவெள்ளம், மணலி புதுநகர் மூழ்கிய 2021 நவம்பர் வெள்ளம், மிக்ஜாம் புயல் தாக்கிய 2023 டிசம்பர் வெள்ளம் ஆகிய மூன்றும் இந்த மாதங்களில் வந்தவை. ஆனால் நான்காம் பருவம் ஜனவரியை ஒட்டித் தொடங்கிக் கோடையில் முடிகிறது. வெள்ள எச்சரிக்கைக்கு மென்பொருள் எழுதும் மாணவர் ஒரு நாள்கூட வெள்ளத்தைப் பார்க்காமல் பட்டம் பெறுகிறார். கோடையில் சோதித்த அமைப்பு மழையில் என்ன செய்யும் என்பது அறிக்கையில் பதிவாவதே இல்லை.

இதற்குத் தீர்வு பணியைப் பிரித்து அடுக்குவது. மூன்றாம் பருவத்தின் மழை மாதங்களைக் களத்துக்கு ஒதுக்க வேண்டும். அப்போது நிரல் எழுத வேண்டியதில்லை. நீர்திறப்பு அறிவிப்புகளை நாள், நேரத்தோடு தொகுக்க வேண்டும். அறிவிப்பு ஊருக்குள் யார் வழியாக, எத்தனை மணி நேரம் கழித்து வந்தது என்று கேட்டறிய வேண்டும். 2015, 2021, 2023 ஆண்டுகளில் தண்ணீர் எந்தத் தெருவில் முழங்காலளவு நின்றது, எங்கே இடுப்பளவு ஏறியது என்பதைச் சுவரில் எஞ்சிய நீர்க்கறையாலும் பெரியவர்கள் நினைவாலும் குறிக்க வேண்டும். நெருக்கடியில் மக்கள் யாரை அழைக்கிறார்கள் என்பதும் தரவே: மாநகராட்சியின் 1913ஐயா, வார்டு உறுப்பினரையா, மகளிர் சுய உதவிக் குழுத் தலைவியையா?

நான்காம் பருவத்தின் முற்பாதியில் உருவாக்கம். பிற்பாதியில் பழைய வெள்ளங்களின் அறிவிப்புகளை அதே வரிசையில், அதே நேர இடைவெளியில் அமைப்புக்குள் செலுத்தி ஒத்திகை பார்க்க வேண்டும். செய்தி எத்தனை வீடுகளை, எவ்வளவு நேரத்தில் எட்டியது, கேட்டவர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டாரா என்ற மூன்றும் மதிப்பீட்டுக்குப் போதும்.

4. எல்லை வகுத்தல்

வெள்ள எச்சரிக்கை என்ற தலைப்பில் பெரும்பாலான மாணவர்கள் முதலில் எழுத நினைப்பது இயந்திரக் கற்றல் வழியிலான வெள்ளக் கணிப்பு. அதை மறுப்பதற்குக் காரணம் உண்டு. சடையங்குப்பத்தில் நீர்மட்டத்தை ஏரித் திறப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. உள்ளூர் மழை, எண்ணூர் முகத்துவாரத்தில் ஏறும் கடல் ஓதம், அங்கே படியும் மணல் என யாவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மூன்று பெருவெள்ளங்களை வைத்துப் பயிற்றுவித்த மாதிரி காட்டும் துல்லிய விழுக்காட்டுக்குப் புள்ளியியல் பொருள் இல்லை. தவறான ஆறுதல் உயிரைப் பறிக்கும். கணிப்பை அதற்குரிய நிறுவனங்கள் செய்கின்றன. தேசியக் கடலோர ஆய்வு மையம் சென்னைக்கென உருவாக்கிய சி-ஃப்ளோஸ் அமைப்பு அவற்றுள் ஒன்று. மாணவரின் பணி, அதிகாரப்பூர்வ அறிவிப்பைத் தெருவாரியான பழைய பதிவோடு பொருத்தித் தெளிந்த தமிழில் கொண்டுசேர்ப்பது. இந்த எல்லைக்குள் நின்றால் நான்கைந்து அட்டவணைகள் கொண்ட தரவுத்தளமே போதும்.

செய்தியை அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுப்பதிலும் நிறுவன யதார்த்தம் குறுக்கிடும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, மொத்தக் குறுஞ்செய்தி அனுப்பப் பதிவுபெற்ற நிறுவனமும் பதிவுசெய்த செய்தி வார்ப்பும் வேண்டும். இதை ஏப்ரலில் கண்டறியும் மாணவரின் திட்டம் அங்கேயே நின்றுவிடும். வீட்டுத் தொலைபேசி எண்களைத் திரட்டுவதற்கு முன் ஒப்புதல் பெறுவதும், அவற்றை யார் எவ்வளவு காலம் வைத்திருப்பார் என்று எழுதித் தருவதும் கடமை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை நோக்கும் இதுவே. வடிவமைப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளி அகன்றால் தகவல் அமைப்புகள் தோற்கும் என்று ரிச்சர்ட் ஹீக்ஸ் 2002இல் வாதிட்டார். முன்கூட்டியே செய்யும் இத்தகைய விசாரணைகள் அந்த இடைவெளியைக் குறைக்கின்றன.

5. ஒப்படைப்பு

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி வட்டாரத்தில் தொடங்கிய கிராமத் தகவல் மையங்கள் இங்கே வழிகாட்டி. வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் குறித்த முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கை, நல்லவாடு கிராமத்தில் அந்த மையத்தின் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுவதும் பரவியது. மக்கள் சுனாமி அலைக்கு முன்பே வெளியேறினார்கள். மையத்தின் கணினி சுனாமியைக் கணிக்கவில்லை. பொறுப்பை ஏற்க ஊரில் ஆட்கள் இருந்தார்கள், கருவி வேலை செய்தது, அதில் வரும் குரலை நம்பும் பழக்கம் இருந்தது. அன்று காப்பாற்றியவை இவை மூன்றும்.

ஆகவே பெஃபர்ஸ் வகுத்த படிகளில் மதிப்பிடலுக்கும் அறிவித்தலுக்கும் இடையே ஒப்படைப்பு என்னும் படியைச் சேர்க்க வேண்டும். பெறுபவர் யார் என்பது முதல் ரிவ்யூவிலேயே முடிவாக வேண்டும். சுய உதவிக் குழுவோ குடியிருப்போர் சங்கமோ வார்டு அலுவலகமோ ஆகலாம். சர்வர் கட்டணத்தை யார் கட்டுவார், கடவுச்சொல் யாரிடம் இருக்கும், அடுத்த மழைக்கு முன் எண்களை யார் சரிபார்ப்பார் என்பவற்றுக்கு எழுத்தில் விடை வேண்டும். அவற்றோடு தமிழில் ஒரு கையேடும் வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புகள் இரண்டு. இது சமூகப்பணி, ஆய்வன்று என்பது முதலாவது. தரவு எந்த நிலையில் தகவலாகிறது, எங்கே தடைபடுகிறது என்பதைச் சான்றோடு நிறுவுவது இத்துறையின் ஆய்வே; ஒப்படைப்பு அதற்குக் கடுமையான சோதனை. ஒரு பருவத்தில் ஊரின் நம்பிக்கையைப் பெற முடியாது என்பது இரண்டாவது. தனி மாணவருக்கு இது உண்மை, துறைக்கு உண்மையன்று. ஒரே ஊரைத் துறை தொடர்ந்து தத்தெடுத்து, முந்தைய அணி ஒப்படைத்ததை அடுத்த அணி மேம்படுத்தினால் நம்பிக்கையும் தரவும் ஆண்டுதோறும் வளரும்.

6. முடிவுரை

பாடத்திட்டக் குழுக்கள் மூன்று மாற்றங்களைச் செய்ய வேண்டும். எம்.சி.ஏ. திட்டப்பணிக்கும் மூன்றாம் பருவத்தில் மதிப்பெண்ணுடன் கூடிய களக் கட்டம் வேண்டும். அறிக்கையின் தடிமனுக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியை ஒப்படைப்புச் சான்றுக்கு மாற்ற வேண்டும். வாய்மொழித் தேர்வுக் குழுவில் பயனாளர் ஒருவர் அமர வேண்டும். புதுக் கட்டடமோ பெரும் நிதியோ இதற்குத் தேவையில்லை. வடசென்னையிலும் அதைச் சுற்றியும் உள்ள கல்லூரிகள் வரும் அக்டோபரிலேயே, முதல் நீர்திறப்பு அறிவிப்பு வரும் நாளில், தம் மாணவர்களைச் சடையங்குப்பத்துக்கு அனுப்பி இதைத் தொடங்க வேண்டும்.