தேதிக்குப் பிறந்த படம்

2015 ஆகஸ்ட் 7 அன்று வெளியான ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ படம் எப்படிப் பிறந்தது என்று தேடிப் போனால், 1986-இல் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு ஜெர்மானியத் தயாரிப்பாளர் பெர்ன்ட் ஐக்கிங்கர், மார்வெல் நிறுவனத்தின் இந்த நான்கு நாயகர்களைப் படமாக்கும் உரிமையை வாங்கினார். கொடுத்தது சுமார் இரண்டரை லட்சம் டாலர் என்பார்கள். மார்வெல் அப்போது காமிக்ஸ் புத்தகம் விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்த கம்பெனி. அதன் கதாபாத்திரங்களுக்கு சினிமாவில் பெரிய சந்தை எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: 1992 டிசம்பர் 31-க்குள் படப்பிடிப்பைத் தொடங்காவிட்டால் உரிமை மார்வெலுக்கே திரும்பிவிடும்.

அந்த நால்வர் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1961-இல் ஸ்டான் லீ எழுத, ஜாக் கிர்பி வரைய, பத்து சென்ட் விலையில் அவர்களின் முதல் இதழ் கடைக்கு வந்தது. யூரி ககாரின் விண்வெளிக்குப் போய்வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கம்யூனிஸ்டுகளை முந்திவிட வேண்டும் என்ற அவசரத்தில் ரீட் ரிச்சர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, தான் கட்டிய ராக்கெட்டில் அனுமதியில்லாமல் கிளம்புகிறார். கூடவே காதலி சூ, அவள் தம்பி ஜானி, ராக்கெட்டை ஓட்ட நண்பன் பென். விண்கதிர்கள் தாக்கி நால்வரும் தரையில் வந்து விழுகிறார்கள். ரீட்டின் உடம்பு ரப்பர்போல் நீள்கிறது. சூ இருக்கும் இடத்திலேயே மறைகிறாள். ஜானி தீப்பிழம்பாகப் பறக்கிறான். பென் பாறை உடம்போடு எழுகிறான், அந்த உடம்பிலிருந்து அவனால் திரும்பி வர முடிவதில்லை. முகமூடியும் கிடையாது, ஊருக்குத் தெரியாத இரட்டை வாழ்க்கையும் கிடையாது. முதல் இரண்டு இதழ்களில் சீருடைகூட இல்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு சண்டை போடுவார்கள், கோபித்துக்கொண்டு வெளியேறுவார்கள், ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்ற மூவரும் ஓடி வருவார்கள். ஹல்க், ஸ்பைடர்மேன், எக்ஸ்-மென் எல்லாரும் இவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள். மார்வெல் என்ற பெரிய வீட்டின் மூத்த பிள்ளைகள் இந்த நால்வரும்.

ஐக்கிங்கர் ஒவ்வொரு ஸ்டுடியோவாக ஏறி இறங்கினார், பெரிய முதலீடு அமையவில்லை. கெடு நெருங்கியபோது குறைந்த செலவில் படமெடுப்பதற்குப் பேர்போன ரோஜர் கார்மனிடம் போனார். பட்ஜெட் சுமார் பத்து லட்சம் டாலர். ஒரு ஹாலிவுட் அதிநாயகப் படத்துக்கு அது காணவே காணாத தொகை. 1992 டிசம்பர் 28-ஆம் தேதி, கெடு முடிய மூன்றே நாள் இருக்கையில், படப்பிடிப்பு தொடங்கியது. இயக்குநர் ஓலி சஸோனும் நடிகர்களும் இதைத் தங்கள் வாழ்க்கையைத் திருப்பிப்போடப் போகும் வாய்ப்பாகவே நம்பி உழைத்தார்கள். இசையமைப்பாளர்கள் கைக்காசைப் போட்டு வாத்தியக் குழுவை அமர்த்தினார்கள். நடிகர்கள் சொந்தச் செலவில் விளம்பரத்துக்குப் போனார்கள். 1994 ஜனவரியில் மினசோட்டாவில் முதல் காட்சி என்று அறிவிப்பும் வந்தது. அந்தக் காட்சி நடக்கவே இல்லை. பிற்பாடு மார்வெலின் திரைப்படப் பொறுப்பில் இருந்த அவி ஆராட், மலிவான படம் ஒன்று வந்து நால்வரின் பெயரைக் கெடுத்துவிடக் கூடாது என்று தானே அதை விலைக்கு வாங்கி அழிக்கச் சொன்னதாகச் சொன்னார். இந்தப் படம் வெளியிடுவதற்காக எடுக்கப்படவே இல்லை என்று 2005-இல் ஸ்டான் லீ சொன்னார். கார்மனும் ஐக்கிங்கரும் அதை மறுத்தார்கள். திருட்டுப் பிரதிகளாக மட்டுமே அது உலகைச் சுற்றியது. அந்த நால்வராக நடித்தவர்களுக்கு நடந்தது அநியாயம். அது வேடிக்கையான துணுக்குச் செய்தியாகவே இன்றும் சொல்லப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது.

உரிமை மட்டும் பத்திரமாகக் கைமாறி ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வரை போனது. டிம் ஸ்டோரி இயக்கி 2005-இலும் 2007-இலும் இரண்டு படங்கள் வந்தன. விமர்சகர்கள் ரசிக்கவில்லை. ஆனால் முதல் படம் உலகெங்கும் 33 கோடி டாலரும் இரண்டாவது 30 கோடி டாலரும் வசூலித்தன. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய படங்கள் அவை, அதற்குமேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

2009-இல் இரண்டு சேதிகள் ஒரே மாதத்தில் வந்தன. நால்வரின் கதையை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கப்போவதாக ஃபாக்ஸ் தரப்பிலிருந்து ஒன்று. மார்வெலை 400 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக டிஸ்னியிடமிருந்து மற்றொன்று. அன்றிலிருந்து ஃபாக்ஸ் வைத்திருந்த ஒவ்வொரு மார்வெல் கதாபாத்திரமும் போட்டிக் கம்பெனி திரும்பக் கேட்கும் சொத்தாகிவிட்டது. குறித்த காலத்துக்குள் புதிய படம் எடுக்க முடியாமல் ‘டேர்டெவில்’ உரிமையை ஃபாக்ஸ் 2012-இல் கைநழுவ விட்டது. நால்வரின் உரிமைக்கும் அப்படி ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஹாலிவுட்டில் பரவலாகப் பேசப்பட்டது. 2007 படம் முடிந்து ஆண்டுகள் போய்க்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான் ஜோஷ் டிராங்க் கிடைத்தார். அவருடைய முதல் படம் ‘குரோனிக்கிள்’ 2012 பிப்ரவரியில் வந்தது. அமானுஷ்ய சக்தி கிடைத்த மூன்று பள்ளி மாணவர்களில் ஒருவன் மெல்ல மெல்லச் சிதைவதைக் கைக்கேமராவில் பிடித்ததுபோல் சொன்ன படம். 1.2 கோடி டாலரில் எடுத்து 12.6 கோடி சம்பாதித்தது. அப்போது டிராங்குக்கு வயது 27. அதே ஆண்டு ஜூலையில் நால்வரின் படம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

டிராங்குக்கு ஒரு கனவு இருந்தது. உடம்பு மனிதனுக்கு அந்நியமாகிப்போகும் பயங்கரத்தைப் படமாக்கிய டேவிட் குரோனன்பெர்க் அவருக்கு ஆதர்சம். ‘தி ஃப்ளை’, ‘ஸ்கானர்ஸ்’ படங்களின் வழியில் இந்தக் கதையைச் சொல்ல நினைத்தார். கை நீண்டுபோனால் அந்த இளைஞனுக்கு எப்படி இருக்கும்? எரிகிற உடம்புக்குள் விழித்துக்கொண்டால்? இவை நல்ல கேள்விகள். பென் கிரிம்மின் துயரம் 1961 முதல் இதழிலேயே இருக்கிறது, அதை ஒருவர் முழுமையாகத் தோண்டிப் பார்க்க நினைத்ததில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் முதலில் திரைக்கதை எழுத வந்த ஜெரமி ஸ்லேட்டர் காமிக்ஸ் பிரியர், ‘அவெஞ்சர்ஸ்’ போலக் கலகலப்பும் பிரம்மாண்டமும் வேண்டும் என்று விரும்பியவர். ஸ்டுடியோவுக்கு வேண்டியதும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. எழுதி எழுதி மாற்றினார்கள். தயாரிப்பாளர் சைமன் கின்பெர்க்கும் எழுத்தில் கைவைத்தார். எந்தப் படத்தை எடுக்கிறோம் என்று இவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வரும்வரை தள்ளிப்போட்டிருக்க வேண்டும். தள்ளிப்போட இடமில்லை.

நடிகர் தேர்வு அறிவிக்கப்பட்டதும் வேறொரு புயல் கிளம்பியது. ஜானியாக மைக்கேல் பி. ஜோர்டன் நடிப்பார் என்றதும், வெள்ளை இளைஞனாக வரையப்பட்ட பாத்திரத்தில் கறுப்பின நடிகரா என்று வசை பாடினார்கள். எனக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, அந்த நாட்களில் படுக்கைக்குப் பக்கத்தில் துப்பாக்கி வைத்துக்கொண்டு தூங்கினேன் என்று டிராங்க் 2020-இல் ஒரு பேட்டியில் சொன்னார். படம் தோற்றதற்கு இந்தத் தேர்வுதான் காரணம் என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது பொய். படத்தில் உயிரோடு தெரிகிற சிலரில் ஜோர்டன் ஒருவர். இந்தப் படம் வெளியான அதே ஆண்டு நவம்பரில் ‘க்ரீட்’ படத்தில் அவர் யார் என்று உலகம் பார்த்துக்கொண்டது.

2014 மே மாதம் லூசியானாவின் பேடன் ரூஜ் நகரில் படப்பிடிப்பு தொடங்கியது. அதற்குச் சற்று முன்பு பட்ஜெட்டில் பெரும் தொகை வெட்டப்பட்டது என்றும், திரைக்கதையில் இருந்த மூன்று பெரிய சண்டைக் காட்சிகள் அதோடு போயின என்றும் பின்னர் செய்திகள் வந்தன. டிராங்க் கொடுத்த படத்தைப் பார்த்து ஸ்டுடியோ திருப்தியடையவில்லை. 2015 ஜனவரியில் மறுபடப்பிடிப்பு. அனுபவம் வாய்ந்த படத்தொகுப்பாளர் ஸ்டீஃபன் ரிவ்கின் அழைத்துவரப்பட்டு, பெயருக்கு இல்லாமல் காரியத்துக்கு இயக்குநர் ஆனார். டிராங்க் தளத்தில் நிற்பார், முடிவெடுப்பது வேறு ஆட்கள். இடையில் சூவாக நடித்த கேட் மாராவின் கூந்தல் மாறிவிட்டிருந்தது. புதிய காட்சிகளுக்கு அவர் விக் வைத்து நடித்தார். படத்தைக் கவனித்துப் பார்க்கிற யாரும் எந்தக் காட்சி பழையது, எந்தக் காட்சி புதியது என்று அவர் தலையை வைத்தே சொல்லிவிடலாம். கிழிந்த துணியில் வேறு நிறத் துண்டு வைத்துத் தைத்ததுபோல் அது படம் முழுக்கத் தெரிகிறது.

அப்படித் தைத்த படத்தில் காணாமல் போனது எது என்று பார்க்க வேண்டும். மொத்தம் நூறு நிமிடம். ராக்கெட்டுக்குப் பதில் வேறொரு பரிமாணத்துக்குப் போகும் இயந்திரம். சிறுவன் ரீட் அதன் மாதிரியைத் தன் வீட்டுக் கேரேஜில் கட்டுவதில் தொடங்கி, ஆய்வகம், சோதனை என்று முன்பாதி நிதானமாகவே நகர்கிறது. பிறகு அந்த விபரீதப் பயணம். அந்தப் பயணத்தில் சூ இல்லை! ரீட், ஜானி, பென், பின்னாளில் வில்லனாகப் போகும் விக்டர் ஆகியோர்தான் போகிறார்கள். அவர்கள் திரும்பி வரும்போது ஆய்வகத்தில் நிற்கும் சூ மீது ஆற்றல் வீச்சு அடிக்கிறது. நாலு பேர் சேர்ந்து போய், சேர்ந்து விழுந்து, சேர்ந்து எழுந்ததுதான் இந்தக் கதையின் அஸ்திவாரம். அதை இந்தப் படம் முதல் அடியிலேயே எடுத்துவிட்டது. விபத்து முடிந்ததும் ரீட் தப்பி ஓடுகிறான். திரையில் ‘ஓராண்டுக்குப் பிறகு’ என்று எழுத்து வருகிறது. அந்த ஓராண்டில்தான் எல்லாமே இருந்திருக்க வேண்டும். பென் தன் நண்பனை வெறுக்கத் தொடங்கிய நாள், ஜானி தீயை அடக்கக் கற்ற நாள், சூ யார் பக்கம் நிற்பது என்று தவித்த நாள் எல்லாம் அந்த எழுத்துக்குள் புதைந்துவிட்டன. நால்வரும் ஒன்றாக நின்று எதையாவது செய்வது கடைசிச் சண்டையில்தான். அதுவும் சாம்பல் நிறப் பாறைகளுக்கு நடுவே அவசரமாக முடிந்துவிடுகிறது.

வெளியீட்டுக்கு முதல் நாள் டிராங்க் ட்விட்டரில் ஒரு பதிவு போட்டார். ஓராண்டுக்கு முன் தன்னிடம் அருமையான வடிவம் ஒன்று இருந்தது, அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்பது அதன் சாரம். உடனே அதை நீக்கினாலும் அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. தன் படத்தை இயக்குநரே கைவிட்ட மறுநாள் ரசிகர்கள் டிக்கெட் எடுக்க வேண்டும். முதல் வார இறுதியில் அமெரிக்காவில் 2.57 கோடி டாலர் வந்தது. ஒரு வாரம் முன்பே வெளியாகியிருந்த ‘மிஷன் இம்பாசிபிள்’ படம் முதலிடத்தில் இருந்தது. தியேட்டர் வாசலில் ரசிகர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் ‘சி மைனஸ்’ கிடைத்தது. காசு கொடுத்து முதல் நாளே வருகிறவர்கள் பொதுவாகத் தாராளமாகப் போடுவார்கள் என்பதால் இது மிக மோசமான மதிப்பெண். ராட்டன் டொமேட்டோஸ் கணக்கில் பாராட்டிய விமர்சகர்கள் நூற்றுக்குப் பத்து பேர்கூட இல்லை. உலக வசூல் 16.8 கோடி டாலரோடு நின்றது. பத்தாண்டுக்கு முந்தைய படம் ஈட்டியதில் அது பாதி. செலவு குறைந்தது 12 கோடி, வசூலில் கணிசமான பங்கு தியேட்டர்களுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி. 2017-க்கு அறிவித்த இரண்டாம் பாகத்தை ஃபாக்ஸ் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அமெரிக்காவில் மோசமான படங்களுக்குத் தரும் ராஸி விருதுகளில் மோசமான படம் (வேறொரு படத்தோடு பகிர்ந்து), மோசமான இயக்குநர் இரண்டும் இதற்குப் போயின.

பழி முழுவதும் டிராங்க் தலையில் விழுந்தது. அவர் பழக்கத்துக்குக் கடினமானவர் என்றும், படப்பிடிப்பில் ஒதுங்கியே இருந்தார் என்றும் கதைகள் வந்தன. இயக்கவிருந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திலிருந்து அவர் 2015 மே மாதமே விலகியிருந்தார். அவர் தரப்பில் தவறுகள் இருந்திருக்கலாம். ஆனாலும் ஒரே ஒரு சிறிய படம் எடுத்த இளைஞனிடம் அதைவிடப் பத்து மடங்கு பெரிய படத்தைக் கொடுத்து, எந்தப் படம் என்று முடிவாகும் முன்பே கேமராவை ஓடவிட்டது யார்? 1992 டிசம்பரில் கார்மனின் படத்தைத் தொடங்கவைத்த அதே அவசரம்தான் இதற்கும் தாய். அப்போது பத்து லட்சம், இப்போது 12 கோடி என்பது ஒன்றே வித்தியாசம். 2019-இல் டிராங்க் இந்தப் படத்துக்குத் தானே விமர்சனம் எழுதி, ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தார். நடிகர்களைப் பாராட்டியிருந்தார். அதே ஆண்டு டிஸ்னி, ஃபாக்ஸின் பெரும்பகுதியை வாங்கியதில் நால்வரும் மார்வெலிடமே திரும்பினார்கள். 2025-இல் வந்த அடுத்த படம் அவர்கள் சக்தி பெற்று நாலு வருடம் கழிந்த பிறகு தொடங்குகிறது. பிறந்த கதை சில நிமிடத் தொகுப்பாக முடிந்துவிடுகிறது, குடும்பம்தான் படம். கார்மன் படத்தில் நால்வராக நடித்தவர்களும் அதில் சிறு வேடங்களில் வருகிறார்கள்.

ஆனாலும் 2015 படத்தை முழுசாகத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை. விபத்துக்குப் பிறகு ஆய்வகத்தில் வரும் சில நிமிடங்கள் அதில் இருக்கின்றன. கட்டிப்போடப்பட்ட ரீட் கண்விழிக்கிறான். அவன் கைகால்கள் இயல்புக்கு மீறி இழுபட்டுக் கிடக்கின்றன. ஜானி எரிந்துகொண்டிருக்கிறான். எங்கிருந்தோ பென்னின் குரல் உதவி கேட்கிறது. ரீட் போய்ப் பார்த்தால் அங்கே கிடப்பது கற்குவியல், அதற்குள்ளிருந்து நண்பனின் கண்கள். எந்த அதிநாயகப் படமும் அந்தச் சக்தியை இவ்வளவு பயத்தோடும் இரக்கத்தோடும் காட்டியதில்லை. டிராங்க் எடுக்க நினைத்த படம் அந்த நிமிடங்களில் இருக்கிறது. படம் கிடைத்தால் ‘ஓராண்டுக்குப் பிறகு’ என்ற எழுத்து வரும்வரை பாருங்கள்.