அன்றிரவு எங்கிருந்தாய்?

ஆங்கிலேயர் ஆட்சியில் 1872-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய சாட்சியச் சட்டத்தில் ஒருவரிக் கதைகள் போன்ற எடுத்துக்காட்டுகள் பல உண்டு. 'அ' என்றும் 'ஆ' என்றும் மட்டுமே அறியப்படும் மனிதர்கள் அவற்றில் திருடுவார்கள், கடன் வாங்குவார்கள், கொலையும் செய்வார்கள். பதினோராம் பிரிவின் கதை இது: 'அ' என்பவன் ஒரு குறிப்பிட்ட நாளில் கல்கத்தாவில் குற்றம் செய்தானா என்பது வழக்கு, அன்றைய தினம் அவன் லாகூரில் இருந்தான் என்பது நீதிமன்றம் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி. தேசம் பிரிந்து லாகூர் அயல்நாட்டு நகரமான பின்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் 'அ' அங்கேயே இருந்தான். 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில்தான் அவனுக்கு ஊர் மாறியது. இப்போது குற்றம் நடப்பது சென்னையில். 'அ' இருப்பது லடாக்கில்.

வேறோரிடத்தில் இருந்தேன் என்னும் இந்த வாதத்தைச் சட்ட உலகம் 'அலிபி' என்று அழைக்கிறது. 'வேறிடத்தில்' என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. நிரூபிக்கவேண்டிய பொறுப்பு அதைச் சொல்பவனுடையது என்றும் சட்டம் கூறுகிறது. லடாக்கில் இருந்தவனுக்கு இது எளிது. பயணச்சீட்டு இருக்கும், விடுதிப் பதிவேடு இருக்கும். ஆனால் மனிதர்களில் பெரும்பாலோர் பெரும்பாலான இரவுகளில் தத்தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குச் சாட்சி தாயும் உடன்பிறந்தாரும் மட்டுமே. அவர்களது சாட்சியத்தையோ, பாசத்தின் பொருட்டுச் சொல்லப்படுவது என்று நீதிமன்றங்கள் எளிதில் ஒதுக்கிவிடுகின்றன.

பாலியல் குற்ற வழக்குகளில் இச்சிக்கல் இன்னும் ஒரு மடங்கு இறுகுகிறது. அங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. குற்றம் நடந்ததா? நடந்ததென்றால் செய்தவன் இவன்தானா? முதற்கேள்விக்கு விடை பெண்ணின் நேர்மையைப் பொறுத்தது. இரண்டாவதற்கு விடை அவளது நினைவைப் பொறுத்தது. நேர்மையும் நினைவும் ஒன்றல்ல. ஆயினும் சட்டம் தன் சந்தேகம் அனைத்தையும் நெடுங்காலம் முதற்கேள்வியின் மீதே கொட்டியது. இரண்டாவதை ஏறக்குறைய ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றும் இருவகை அநீதிகளும் இந்த ஒரே பிழையிலிருந்து விளைந்தவை என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தலைமை நீதிபதி மாத்யூ ஹேல் எழுதிய நூலொன்று, அவர் மறைந்து அறுபதாண்டுகளுக்குப் பின் 1736-இல் அச்சேறியது. வல்லுறவுக் குற்றச்சாட்டைச் சுமத்துவது எளிது, குற்றமற்றவன் அதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்வதோ மிக அரிது என்னும் கருத்தை அவர் அதில் பதிந்துவைத்தார். தலைமுறை தலைமுறையாக நீதிபதிகள் ஜூரிகளிடம் அதை ஓதினார்கள். வேறு ஆதாரத்தின் துணையின்றிப் பெண்ணின் சொல்லை நம்புவது ஆபத்து என்று எச்சரிக்கவேண்டிய கடமையை இங்கிலாந்து 1994-ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் கைவிட்டது. வழக்குத் தொடுத்த பெண் பொதுவாக ஒழுக்கக்கேடானவள் என்று காட்டி அவளது சாட்சியத்தைக் குலைக்கலாம் என்றொரு விதி நம் சாட்சியச் சட்டத்திலும் இருந்தது. 2002-ஆம் ஆண்டின் திருத்தம்தான் அதை நீக்கியது.

இரண்டாம் கேள்வியின் கதை வேறு. அதன் தொடக்கத்தில் நிற்பவர் அடால்ஃப் பெக் என்னும் நார்வே நாட்டவர். அவருடையது பாலியல் வழக்கன்று. தன்னைப் பிரபு என்று சொல்லிக்கொண்டு பெண்களை மயக்கி நகை பறித்த மோசடி வழக்கு. 1896-இல் லண்டன் நீதிமன்றத்தில் ஏமாந்த பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து இவரே அவர் என்று கைகாட்டினார்கள். 1877-இல் இதே பாணியில் மோசடி செய்து தண்டனை பெற்ற ஜான் ஸ்மித் என்பவன்தான் பெக் என்று காவல்துறை நம்பியது. அந்த ஆண்டில் தாம் தென்னமெரிக்காவில் இருந்ததாகக் காட்டப் பெக் தரப்பு முயன்றது. பழைய வழக்கு இந்த வழக்கில் விசாரிக்கப்படவில்லை என்று கூறி நீதிமன்றம் அதற்கு இடந்தரவில்லை. அப்பெண்களில் எவரும் பொய் சொல்லவில்லை. அத்தனை பேரும் தவறினார்கள். பெக் சிறையிலிருந்து மீண்டு 1904-இல் மறுபடியும் அதேபோல் தண்டிக்கப்படவிருந்த வேளையில்தான் உண்மைக் குற்றவாளி அகப்பட்டான். இவ்வழக்கு எழுப்பிய கொந்தளிப்பின் விளைவாக இங்கிலாந்தில் 1907-இல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறந்தது. எனினும், நாணயமான சாட்சியும் ஆளை மாற்றிக் காட்டக்கூடும் என்று ஜூரியை எச்சரிக்கவேண்டும் என்னும் நெறி டர்ன்புல் வழக்கில் வகுக்கப்பட 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மேல்முறையீடு என்னும் வாசல் திறந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பர்லிங்டன் என்னும் ஊரில் நடந்த வழக்கு இதற்கு விடை சொல்கிறது. 1984 ஜூலை மாத இரவொன்றில் ஜெனிஃபர் தாம்சன் என்னும் இருபத்திரண்டு வயதுக் கல்லூரி மாணவியின் வீட்டில் நுழைந்த ஒருவன் அவரை வல்லுறவுக்கு ஆளாக்கினான். அதே இரவில் அருகில் வேறொரு பெண்ணும் அதே கொடுமைக்கு ஆளானார். தாம்சன் அந்தக் கொடிய நேரத்திலும் அவன் முகத்தை மனத்தில் பதிக்க முயன்றார். உயிர்பிழைத்தால் இவனைத் தண்டிக்க உதவவேண்டும் என்பதே அவரது உறுதி. பின்னர் காவல்துறை காட்டிய புகைப்படங்களிலிருந்து ரொனால்ட் காட்டன் என்னும் கறுப்பின இளைஞரைத் தேர்ந்தார். நேரடி அணிவகுப்பில் சற்றே தயங்கி மீண்டும் அவரையே சுட்டினார். புகைப்படத்திலும் இவரைத்தான் காட்டினீர்கள் என்று அதிகாரிகள் சொன்னதும் தயக்கம் அகன்றது. இரண்டாவது அடையாளம் கண்டது குற்றவாளியின் முகத்தையா, முன்பு பார்த்த புகைப்படத்தையா என்று கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

காவல்துறை தேடுகிறது என்றறிந்த காட்டன் தாமாகவே நிலையத்துக்குச் சென்றார். அன்றிரவு எங்கிருந்தாய் என்ற கேள்விக்கு விரிவாகவே விடை சொன்னார். விசாரித்தபோது அது பிழையென்று தெரிந்தது. ஒரு வாரக் கடைசியை மற்றொரு வாரக் கடைசியோடு குழப்பிக்கொண்டிருந்தார். அன்றிரவு அவர் வீட்டு சோபாவில் உறங்கினார் என்று குடும்பத்தார் பின்னர் சாட்சி சொன்னபோது அது ஒத்திகை பார்த்த பேச்சாக ஜூரிக்குத் தோன்றியது. தவறிப்போன அலிபி, அலிபியே இல்லாமலிருப்பதைக் காட்டிலும் கேடு. நினைவுப் பிழை பொய்யாகவும், பொய் குற்ற ஒப்புதலாகவும் மாறிவிடுகிறது. 1985 ஜனவரியில் அவருக்கு ஆயுள் தண்டனையும் அதற்கு மேல் ஐம்பதாண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன.

மேல்முறையீட்டில் காட்டன் வென்றார். பாதிக்கப்பட்ட மற்றொரு பெண் அணிவகுப்பில் வேறொருவரைச் சுட்டியிருந்தார் என்னும் செய்தியை ஜூரியிடம் மறைத்தது தவறு என்று கூறி மாநில உச்ச நீதிமன்றம் 1987-இல் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால் மறுவிசாரணையில் அந்தப் பெண்ணும் இப்போது காட்டனையே சுட்டினார். சிறையில் இருந்த மற்றொரு கைதி, இவற்றைச் செய்தவன் தானே என்று சக கைதிகளிடம் சொல்லியிருந்தான். ஜூரி இல்லாத வேளையில் அவனை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து தாம்சன் முன் நிறுத்தினார்கள். இவனைத் தாம் கண்டதேயில்லை என்றார் அவர். ஒரு குற்றத்துக்கான தண்டனை இரண்டு குற்றங்களுக்கானதாகப் பெருகியது. 1991-இல் அதே உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1995-இல் மரபணுச் சோதனை நடந்தது. தாம்சன் வழக்கின் தடயம் சிதைந்துபோயிருந்தது. மற்றப் பெண்ணின் வழக்கில் எஞ்சியிருந்த தடயம் காட்டனுடையதன்று, அந்தக் கைதியுடையது என்று தெரியவந்தது. பத்தரை ஆண்டுகளுக்குப் பின் காட்டன் வெளியே வந்தார்.

குற்றம் நடந்ததா என்று இவ்வழக்கில் எவரும் ஐயுறவில்லை. தாம்சனின் நேர்மை அப்பழுக்கற்றது. அந்த நேர்மையே ஜூரியின் கண்ணை மறைத்தது எனலாம்.

இதே 1984-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பஞ்சாபில் நடந்தது மறுபக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு மாமா வீட்டுக்கு நடந்துபோன, பதினாறு வயது நிரம்பாத மாணவி ஒருத்தி காரில் கடத்தப்பட்டு இரவு முழுவதும் வதைக்கப்பட்டாள். மறுநாள் காலை பள்ளியருகே இறக்கிவிடப்பட்ட அவள், அன்றைய தேர்வையும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்த் தாயிடம் சொன்னாள். 1985-இல் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுதலை செய்தது. கார் ஃபியட்டா அம்பாசிடரா என்ற வேறுபாடு அவளுக்குத் தெரியவில்லை, வழியில் கூச்சலிடவில்லை, தேர்வுக்கூடத்தில் ஆசிரியைகளிடம் சொல்லவில்லை, புகார் தாமதமாக வந்தது. நம்பாமைக்கு இவையே காரணங்கள். அவளது ஒழுக்கத்தின் மீதும் சேறு வீசப்பட்டிருந்தது. குர்மீத் சிங் வழக்கு என்று அறியப்படும் இதன் மேல்முறையீட்டில் நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் 1996 ஜனவரியில் எழுதிய தீர்ப்பு அக்காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தகர்த்தது. கிராமத்துச் சிறுமிக்குக் காரின் வகை தெரியாதது அவள் சொல்வது பொய் என்பதற்குச் சான்றாகாது என்றது. பெண்ணின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் அதற்கு வேறு முட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்றும் உறுதிபடக் கூறியது. விடுதலை ரத்தாகித் தண்டனை விதிக்கப்பட்டது.

இவ்விரு மேல்முறையீடுகளையும் அருகருகே வைத்துப் படிக்கையில் ஒன்று புலப்படுகிறது. மேல்முறையீட்டு நீதிபதி சாட்சியின் முகத்தைப் பார்ப்பதில்லை. காகிதத்தை மட்டுமே படிக்கிறார். நம் நாட்டில் விசாரணை நீதிபதி தன் முடிவுக்கான காரணங்களை எழுதியாக வேண்டும். எனவே பஞ்சாப் நீதிமன்றத்தின் முன்முடிவுகள் காகிதத்தில் ஏறின, ஏறியதால் திருத்தப்பட்டன. ஜூரி காரணம் சொல்வதில்லை. காட்டனின் வழக்கில் விசாரணை நடந்த முறையில் இருந்த குறையைக் கண்டு திருத்த முடிந்தது. சாட்சியின் நினைவில் இருந்த பிழையைக் காண முடியவில்லை. அது காகிதத்தில் இல்லை. அடையாள அணிவகுப்பு நடத்தும் அதிகாரிக்குச் சந்தேக நபர் யாரென்று தெரிந்திருக்கக் கூடாது என்று வட கரோலினா 2007-இல் சட்டம் இயற்றியது. பிழை நினைவுக்குள் புகுமுன்பே தடுக்கவேண்டும், புகுந்தபின் மேல்முறையீட்டால் களைய இயலாது என்ற பாடத்தை அது கற்றிருந்தது.

விடுதலைக்கு ஈராண்டுகளுக்குப் பின் தாம்சன் காட்டனைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். காட்டன் மன்னித்தார். பின்னர் இருவரும் சேர்ந்து 2009-இல் தங்கள் கதையை நூலாகவே எழுதினார்கள். பஞ்சாப் மாணவிக்கு என்ன ஆயிற்று என்பதை நாம் தேடக்கூடாது. பெயர் மறைந்திருப்பது அவளுக்குச் சட்டம் தரும் சிறு பாதுகாப்பு.

வாரத்தைக் குழப்பிக்கொண்ட இளைஞரை நீதிமன்றம் நம்பவில்லை. காரின் பெயர் தெரியாத சிறுமியையும் நம்பவில்லை. நம்மில் எவருக்கும் நேரக்கூடிய சாதாரணத் தடுமாற்றங்கள் அவை. சற்றும் தடுமாறாமல் சொன்ன ஒருவரை மட்டும் அது முழுமையாக நம்பியது. அவர்தான் தவறியிருந்தார்.