கடல் கடந்து வந்த மருத்துவக் குழு

சுங்கை வே என்றதும் இன்று நம் நினைவுக்கு வருபவை தொழிற்சாலைகளும் பெருஞ்சாலையுந்தான். ஒரு காலத்தில் இந்த வட்டாரம் தொடங்கிக் கிள்ளான் வரையில் ரப்பர் தோட்டங்களே நிறைந்திருந்தன. அங்கெல்லாம் நம் முன்னோர் நோயில் வாடிய நேரத்தில், கடல் கடந்து ஒரு மருத்துவக் குழு மலாயாவுக்கு வந்தது. அது வந்த ஆண்டு 1946. அதன் வரலாற்றை இன்று சிறிது பார்ப்போம்.

முதலில் அக்கால நோயைப் பற்றி அறிந்துகொள்வோம். தோட்டங்களில் பெரும் எமனாக இருந்தது மலேரியாக் காய்ச்சல். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், கொசு வளரும் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி நீரை வடியச் செய்தார். புதர்களை அழிக்கச் செய்தார். காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. ஆனால், வடிகால் ஒருமுறை வெட்டினால் போதுமா? நாள்தோறும் தூர் வாரவேண்டும். வாராவிட்டால் நீர் தேங்கும். கொசுவும் திரும்பி வரும்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அதுதான் நடந்தது. வடிகால்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. கொயினா மாத்திரைக்குத் தட்டுப்பாடு. அரிசிக்குப் பதிலாக மரவள்ளிக்கிழங்கே பலருக்கு உணவாயிற்று. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில் பாதை போட, தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். காய்ச்சலாலும் காலராவாலும் அங்கேயே மாண்டவர் பலர். திரும்பியவர்கள் எலும்பும் தோலுமாக, ஆறாத புண்களோடு வந்தார்கள்.

போர் முடிந்தபின், 1946 மார்ச்சில் ஜவஹர்லால் நேரு மலாயாவுக்கு வந்து இந்தியரின் நிலையைக் கண்டார். அதே ஆண்டில் இந்திய தேசிய காங்கிரஸ் ஒரு மருத்துவக் குழுவை இங்கு அனுப்பியது. அப்போது இந்தியாவே விடுதலை பெறவில்லை. 1943இல் வங்காளப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோரைப் பறிகொடுத்த நாடு அது. தன் வீட்டில் அடுப்பெரியாதபோதும் அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தது போன்ற செயல் அல்லவா இது?

இத்தகைய தொண்டு காங்கிரசுக்குப் புதிதன்று. 1938இல் ஜப்பானின் படையெடுப்பால் துன்புற்ற சீனாவுக்கு ஐந்து மருத்துவர்களை அனுப்பியிருந்தது. அவர்களுள் நால்வர் தாயகம் திரும்பினர். ஷோலாப்பூரைச் சேர்ந்த டாக்டர் கோட்னிஸ் மட்டும் திரும்பவில்லை. சீன மொழியைக் கற்று, அங்கேயே மணம் புரிந்து, நோயாளிகளுக்கு உழைத்து, 1942 டிசம்பர் 9ஆம் நாள் தமது 32ஆம் வயதில் உயிர் நீத்தார்.

வருகின்ற எல்லாரும் கோட்னிஸைப் போலத் தங்கிவிட முடியாது. வந்தவர் திரும்பத்தான் வேண்டும். அப்படியானால், அவர்கள் சென்றபின் பணியைத் தொடர்வது யார்? உள்ளூர்க்காரர்கள்தாம். மலாயாவுக்கு வந்த குழுவோடு சேர்ந்து தொண்டாற்றியவர்களுள் ஒருவர், கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி. பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் எனப் பெயர் பெற்றவர். ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய அந்த அம்மையார் மருத்துவர் அல்லர். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். அவ்வாண்டிலேயே மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றவும் அவர் துணை நின்றார். 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2014இல் அவர் மறைந்தார்.

அன்று உதவி பெற்ற நம் நாடு இன்று உதவி அளிக்கவும் செல்கிறது. 1999இல் கொசோவோ மக்களின் துயர் கண்டு இங்கே தோன்றிய மெர்சி மலேசியா, பல நாடுகளுக்கு மருத்துவத் தொண்டர்களை அனுப்பியிருக்கிறது. நம் பிள்ளைகளும் இத்தகைய பணிக்குச் செல்லலாம், செல்லவும் வேண்டும். ஆனால், புறப்படுமுன் ஒரு கேள்வி கேட்கட்டும்: நாம் திரும்பியபின் அந்த நோயாளிக்கு அடுத்த வேளை மருந்தை யார் கொடுப்பார்?

அதே கேள்வி நமக்கும் உண்டு. நம் குடியிருப்புக்கு மருத்துவ முகாம் வந்தால், வரிசையில் நின்று மாத்திரை வாங்குவதோடு நம் வேலை முடிந்துவிடுவதில்லை. மருத்துவர் எழுதிய சீட்டைப் பத்திரப்படுத்துவதும், குறித்த நாளில் ஆஸ்பத்திரிக்குப் போவதும், வாசல் சாக்கடையில் நீர் தேங்காமல் பார்ப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன. வந்தவர் தொடங்கிவைப்பார், இருப்பவர்தாம் நடத்தவேண்டும்.